காரிடம் பேசிய இருவர்

"ஏட்டி, ஒங்க அண்ணன்கிட்ட சொல்லு. வளைவுல கொஞ்சம் மெதுவாப் போகட்டும்."

மருதப்பன் இதைச் சொன்னது பின்சீட்டில் இருந்த மனைவியிடம். அண்ணன் என்று அவர் குறிப்பிட்ட துரைப்பாண்டியோ அவருக்கு வலது கைப்பக்கம், ஒரு முழத் தூரத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மெதுவாப் போகணுமாம்," என்றாள் கோமதித்தாய்.

"இதுவே மெதுவுதான்னு சொல்லு தாயி. இதுக்கு மேல மெதுவாப் போனா காரு பின்னால உருளும்."

"பின்னால உருளுமாம்."

"கேட்டுச்சு," என்றார் மருதப்பன்.

காலை ஐந்தரை மணி. பண்டாரவளை ஊர் இன்னும் போர்வைக்குள் இருந்தது. சிலோன் மலைநாட்டில் மாசிப் பனி மேலே போவதில்லை, கீழே தேங்குகிறது. தேயிலைச் சரிவுகள் அதற்குள் முங்கிக் கிடக்க, நிழல் மரங்களின் உச்சிகள் மட்டும் குளத்தில் நட்ட கம்புகள் போல வெளியே தெரிந்தன. சாம்பல் நிறக் கார் அந்த வெள்ளைக்குள் இறங்குவதும், மேலே வந்து மூச்சு வாங்குவதும், திரும்ப இறங்குவதுமாக இருந்தது. சக்கரம் தரையில்தான் ஓடுகிறதா என்று மருதப்பனுக்கு இரண்டு தடவை சந்தேகம் வந்தது. எட்டிப் பார்த்தார். தரை இருந்தது.

ஐம்பது வயது வரை மலை என்பது அவருக்கு மேற்கே ஒரு நீலக் கோடு. சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்றாலும் அது தெரியும். அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு வாசுதேவநல்லூர் வயல்கள் வரை போவார். அங்கே அந்தக் கோடு பக்கத்தில் வந்து பெரிய சுவராக நிற்கும். அதோடு சரி. ஏறியதில்லை. கரிசல்காட்டுக்காரனுக்கு மலையில் என்ன சோலி? இப்போது கடல் தாண்டி வந்து வேறு தேசத்து மலையின் தோளில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல், வரப்பு வெட்ட ஆளில்லாமல், தன்னால் இத்தனை பச்சையா? யாரோ தூக்கத்தில் காட்டுகிற படம் போலத்தான் இருந்தது.

ஆனால் அவர் படம் பார்க்க வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வந்தார். ஒன்பது நாள் ஆகிவிட்டது, அது இன்னும் வாயை விட்டு வெளியே வரவில்லை. இன்று கதிர்காமம் போய் முருகனைக் கும்பிட்டுத் திரும்பினால், நாளைக் காலை ரயில். அப்புறம் தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம். இன்று பொழுது சாய்வதற்குள் சொன்னால் உண்டு.

சங்கதி இதுதான்.

மகள் இசக்கித்தாய்க்கு வைகாசி பத்தொன்பதில் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணைக்கு வர வேண்டும். அந்தத் தாய்மாமன்தான் இதோ கார் ஓட்டுகிற துரைப்பாண்டி, கோமதித்தாயின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். இருபத்தைந்து வருஷமாகப் பண்டாரவளையில் சில்லறைக் கடை. அவருக்கும் மருதப்பனுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தேழில், இசக்கித்தாய்க்கு ஏழு வயதில் காதுகுத்து. சங்கரன்கோவிலில் கோயில் மண்டபத்தில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனோ சிலோனிலிருந்து வந்து சேரவில்லை. ஏழரைக்கு மேல் நேரம் சரியில்லை என்றார்கள். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மருதப்பனின் முகத்தைப் பார்த்தார். மருதப்பன் வாசலைப் பார்த்தார். ஏழு இருபத்தெட்டுக்குப் பிள்ளையைத் தூக்கி, கோமதித்தாயின் பெரியப்பா மகன் வெள்ளத்துரை மடியில் உட்கார வைத்தார். காது குத்தி, பிள்ளை அழுது, மிட்டாய் வாயில் போட்டு அழுகை ஓய்ந்த நேரத்தில், கையில் கம்மல் பெட்டியோடு துரைப்பாண்டி வந்து நின்றார்.

"கப்பல் லேட்டு," என்றார். "அரை மணி நேரம் பொறுக்க முடியலையா ஒமக்கு?"

"நேரம் யாருக்கும் காத்திருக்காதுவே," என்றார் மருதப்பன்.

அதுதான் கடைசிப் பேச்சு. துரைப்பாண்டி கம்மலைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் போனார்.

இப்போது பெண் வளர்ந்துவிட்டாள். "மாமா கையைப் பிடிச்சுத்தான் மணைக்கு வருவேன். இல்லைன்னா கல்யாணமே வேண்டாம்," என்று அப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கப்பல் பயணம். வந்த அன்றே கோமதித்தாய் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கடை மேசையில் வைத்தார்.

"தட்டு வந்திருச்சு தாயி. சொல்லு இன்னும் வரலை. பெத்தவன் வாயால கூப்பிடட்டும், மறுகப்பல்ல ஏறுதேன்."

இது நியாயம்தான். ஊர் வழக்கமும் அதுதான். பெண்ணைப் பெற்றவன் நேரில் நின்று, மாமனை முறை சொல்லிக் கூப்பிட்டு, 'வந்து முன்ன நிக்கணும்' என்று சொல்ல வேண்டும். அச்சடித்த காகிதம் மற்றவர்களுக்கு. மருதப்பனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தால் உள்ளே இருந்து இன்னொருவன் கேட்பான்: 'கடல் தாண்டி அவன் வாசலுக்கே வந்துட்டேனே. இது கூப்பிட்டதா ஆகாதா?' அதோடு வாய் மூடிக்கொள்ளும்.

எல்லா என்ற சிற்றூரைத் தாண்டியதும் மலை திடீரென்று இரண்டாகப் பிளந்தது. பிளவுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வானம்தான். ரொம்பக் கீழே, பனி விலகிய இடத்தில், காடும் சமவெளியும் புழுதி நிறத்தில் கடல் வரைக்கும் கிடந்தன. சாலை அந்தப் பிளவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இறங்கியது. கருங்குரங்கு ஒன்று மைல்கல்லின் மேல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, வருகிற வண்டிகளை எண்ணுவது போலப் பார்த்தது.

வளைவு ஒன்றில் அருவி. மேலே எங்கிருந்து விழுகிறது என்று தெரியாமல், பாறை பாறையாக உடைந்து, சாலைக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியது. துரைப்பாண்டி காரை நிறுத்தினார். கோமதித்தாய் இறங்கிப் போய் முகம் கழுவினாள். சாரலில் தலைமுடி முழுக்க மணி மணியாகத் தண்ணீர் கோத்திருக்க, திரும்பி வந்து காருக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. ஒம்பது நாளா ஒங்க நடுவுல நான் தபாலாபீசு வேலை பாத்தாச்சு. 'உப்பு வேணுமான்னு கேளு', 'போதும்னு சொல்லு'. எனக்கு நாக்கு தேஞ்சு போச்சு. இனிமே நம்மால முடியாது. கதிர்காமத்துச் சன்னதியில போய் நிக்கிற வரைக்கும் நான் மௌன விரதம்."

"ஏட்டி, வழியில ஏதும் அவசரம்னா?" என்றார் மருதப்பன்.

"முருகன் ஒங்க ரெண்டு பேருக்கும் வாய் குடுத்திருக்கானே. வெத்தலை போடுறதுக்கு மட்டுமா?"

"தாயி, வெளையாடாத," என்றார் துரைப்பாண்டி.

கோமதித்தாயின் விரதம் அந்த நிமிஷமே தொடங்கிவிட்டது. பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கார் கிளம்பியது. மூன்று பேர், மூன்று மௌனம். என்ஜின் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

இரண்டு மைல் போயிருக்கும். மருதப்பனுக்குத் தாகம். யாரிடம் சொல்ல? முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தக் காரு வழியில எங்கனயாவது நிக்குமா, நிக்காதா?"

துரைப்பாண்டி ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். "ஏ காரே, வெல்லவாயயில ஒரு பிளேன்டீ கடை இருக்கு. அங்கன நிப்போம், கேட்டியா?"

வழி பிறந்துவிட்டது. ஊரில் பேச்சு நின்று போனவர்கள் காக்காயிடம் சொல்வார்கள், கன்றுக்குட்டியிடம் சொல்வார்கள், சுவரிடமும் சொல்வார்கள். இங்கே கார் கிடைத்தது.

வெல்லவாயயில் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு கறுப்புத் தேநீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு மலை முதுகுப் பக்கம் போய்விட்டது. காற்றில் சூடு ஏறியது. சாலை நேராக நீண்டு, இரண்டு பக்கமும் முள்ளும் புதரும் பாலை மரமுமாக வறண்ட காடு வந்தது. மருதப்பனுக்கு இந்தக் காடு பிடித்தது. பச்சை குறைந்தவுடன் ஊர் வந்துவிட்டது போல ஒரு தெம்பு.

"ஏ காரே, அங்கன பாரு, மயிலு," என்றார் துரைப்பாண்டி.

மருதப்பன் அதற்கு முன்பே ஏழு மயில் பார்த்திருந்தார். முள்ளுக்குள் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்ற புள்ளிமானையும், பாறை மேல் வெயில் காய்ந்த உடும்பையும், காய்ந்த குளத்தின் நடுவில் ஒற்றைக் காலில் தவம் இருந்த வர்ணக் கொக்குகளையும் பார்த்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் ஆடு பார்த்த கண். புதர் அசைந்தால் காற்றா, குட்டியா, நரியா என்று அதற்குத் தெரியும்.

"காரே," என்றார் அவர், "இடது பக்கம் ஒரு மான் போச்சு. ஓட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஏ காரே, சிலருக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. மானு தெரியும், மயிலு தெரியும். கூடப்பிறந்த மாதிரி இருந்த மனுசன் மட்டும் தெரியாது."

"மனுசன் நேரத்துக்கு வந்தாத்தானே தெரியும், காரே?"

"கப்பல் என்ன மாமனார் வீட்டு மாட்டு வண்டியா காரே, கூப்பிட்ட நேரத்துக்கு வர?"

"நாள் குறிச்சு மூணு மாசத்துக்கு முன்ன தந்தி அடிச்சமே காரே, முந்துன கப்பல்ல வந்தா கடல் வத்திப் போகுமா?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. விரதத்தில் பெருமூச்சுக்குத் தடையில்லை.

இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டதில் காருக்கே சூடேறியதோ என்னவோ, முன்மூடியின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. துரைப்பாண்டி ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், மரநிழலில் ஒதுக்கி நிறுத்தினார்.

பாலத்துக்குக் கீழே ஆறு என்று பேர். மணல்தான். அகலமாக, வெள்ளையாக, வளைந்து காட்டுக்குள் போயிற்று. அக்கரையோரம் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. இலை அசையவில்லை. தூரத்தில் ஒரு குக்குறுவான் குருவி ஒரே சுதியில் தட்டிக்கொண்டே இருந்தது. தூங்கி வழிகிற பகல். அந்த இடத்தில் கண்ணை மூடினால் மூன்று நாள் கழித்துத்தான் விழிப்பு வரும் என்று தோன்றியது.

துரைப்பாண்டி டிக்கியிலிருந்து தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் இறங்கினார். "ஏ காரே, தண்ணி மோந்துட்டு வந்துருதேன்."

மருதப்பன் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தார். மச்சானின் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஒன்பது நாளில் இதை அவர் கவனிக்கவே இல்லை. பேசாதவனை நேராகப் பார்ப்பதும் இல்லைதானே.

சொல்லிவிடலாம். திரும்பி வரும்போது சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

அப்போதுதான் அந்தக் கொக்கைப் பார்த்தார்.

அக்கரையில், குட்டைக்குப் பின்னாலிருந்த புதருக்கு மேலே, ஒரு வெள்ளைக் கொக்கு. உண்ணிக்கொக்கு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பின்னால் சுற்றுகிற ஜாதி. காட்டுக்குள் அதற்கு என்ன வேலை? மேய்கிற உயிர் இல்லாத இடத்தில் அது நிற்காது. அதுவும் கிளையில் நிற்கவில்லை. புதருக்கு மேலே ஒரு கறுப்புப் பாறை. அதன் மேல் நின்றது.

பாறை ஒரு காதை அசைத்தது.

 அதுவும் ஒரு பாறை மட்டும் இல்லை. கண் பழகப் பழக, புதருக்குள் நிழல் என்று நினைத்தது எல்லாம் கால்களாக மாறியது. துரைப்பாண்டிக்கும் அதற்கும் நடுவில் நாற்பது அடி இருந்தால் அதிகம். அவரோ தகரத்தை ஆட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு, நேராக அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். தகரத்தில் இன்னும் தண்ணீர் இல்லை. எங்கேயாவது மோதினால் ஓசை எழும்.

காரிடம் சொல்லிப் பயனில்லை. கத்தினால் யானைக்கும் கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், மெல்லக் கூப்பிட வேண்டும். மருதப்பன் வாயைத் திறந்தார். 'மச்சான்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. பன்னிரண்டு வருஷத்துத் துரு. வரவில்லை.

வேறு ஒன்று வந்தது.

"ட்ர்ர்ரூ..."

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற தாழ்ந்த ஒலி. மந்தை சாலையைக் கடக்கும்போது லாரி வந்தால் கிடைக்காரர்கள் போடுகிற சத்தம். அது காதில் விழுந்தால் ஆடு எடுத்த காலை வைக்காது. தூரத்தில் இருப்பவனுக்கு ஏதோ பறவை என்று தோன்றும்.

துரைப்பாண்டி எடுத்த காலை வைக்கவில்லை.

கடைக்காரர் ஆகிக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கலாம். பதினைந்து வயது வரை அவரும் திருவேங்கடம் கரிசலில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர்தான். அப்படியே நின்றார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தூக்கினார். பார்த்துவிட்டார்.

பின்பு ஒரு காலைப் பின்னால் வைத்தார். அடுத்து இன்னொரு கால். தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகு முன்னால் வர, அந்த வெள்ளை மணல் முழுவதையும் பின்னோக்கியே நடந்து கடந்தார். மருதப்பன் ஓசைப்படாமல் காரை விட்டு இறங்கிக் கரையோரம் வந்து நின்றார். மச்சானின் குதிகால் கரையைத் தொட்டதும் கையை நீட்டி மேலே தூக்கினார். இரண்டு கையும் ஈரமாக இருந்தது. யாருடைய வேர்வை என்று தெரியவில்லை. காருக்குள் ஏறிக் கதவை ஓசையில்லாமல் இழுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவை வெளியே வந்தன.

அவசரமே இல்லாமல், புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, கொக்குகளைச் சுமந்துகொண்டு மணலில் இறங்கின. அத்தனை பெரிய உடம்பு நடக்கிறது, ஓசையே இல்லை. துதிக்கையால் மணலை அள்ளி முதுகில் தூவிக்கொண்டபோது அது வெயிலில் மஞ்சள் புகையாகி நின்றது. மருதப்பனின் வாய் தன்னால் எண்ணியது. மந்தையைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க அவருக்கு வராது. ஒன்பது. ஒன்பதாவது குட்டி.

காருக்கு இருபது கஜம் முன்னால் கரையேறிச் சாலையைக் கடந்தன. எட்டும் கடந்துவிட்டன. குட்டிக்குக் கரை ஏறத் தெரியவில்லை. மணல் சரிந்து சரிந்து கீழே விழுந்தது. எழுந்து, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு யோசித்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது.

முன்னால் போன பெரிய யானை நின்றது. நின்று, திரும்பி, சாலையின் நடுவில் வந்து மறித்துக்கொண்டது. மற்ற ஏழும் சாலையின் அந்தப் பக்கத்தில் அப்படி அப்படியே நின்றன. ஒன்றும் முன்னால் போகவில்லை. ஒன்றும் குட்டியைத் திட்டவில்லை. பெரியது ஒரு காலை லேசாக ஆட்டிக்கொண்டு, காதை விசிறிக்கொண்டு, உலகத்தில் வேறு சோலியே இல்லாதது போல நின்றது.

மருதப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடு நிற்காது. ஒன்று நொண்டினால் மந்தை அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மேய்ப்பன்தான் திரும்பிப் போய்த் தூக்கி வர வேண்டும். காத்திருக்கிற மந்தையை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று.

"கால் மணி நேரமா நிக்கிதே," என்றார் மெல்ல.

துரைப்பாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். அவர் குரலும் காற்றாகத்தான் வந்தது. "யாருகிட்ட சொல்லுதாங்கன்னு தெரியலையே, காரே."

"ஒம்மகிட்டத்தான் சொல்லுதேன், மச்சான்."

பின்சீட்டில் வளையல் ஒன்று லேசாக மோதி அடங்கியது.

"அன்னைக்கு நான் நின்னிருக்கணும்," என்றார் மருதப்பன். கண் யானை மேலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது. "பிள்ளை 'மாமா எங்க, மாமா எங்க'ன்னு கேட்டுச்சு. நான்தான் தூக்கி வேற மடியில வச்சேன். நேரம் போனா என்ன, இன்னொரு நேரம் பாத்திருக்கலாம். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு எத்தனை நல்ல நேரம் வந்திருக்கும். வைகாசி பத்தொன்பது. நீரு வந்து முன்ன நிக்கணும், மச்சான். ஒம்ம கையைப் பிடிச்சுத்தான் அவ மணைக்கு வருவா."

துரைப்பாண்டி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குட்டி இன்னொரு தடவை விழுந்தது.

"மாப்ள," என்றார் கடைசியில். "அன்னைக்குக் கப்பல் லேட்டுன்னு சொன்னேன்லா."

"ஆமா."

"லேட்டில்லை."

மருதப்பன் திரும்பினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மச்சானின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காலையில அஞ்சு மணிக்கே ரயில் நம்ம ஊருக்கு வந்திருச்சு. எறங்கிட்டேன். கொழும்புல தைச்ச புதுப் பேண்டு ஒண்ணு. கப்பல்லயும் ரயில்லயும் மடிச்சு மடிச்சுக் கிழவன் மூஞ்சி மாதிரிக் கசங்கிப் போச்சு. சிலோன்ல இருந்து வாரவன், அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்ன கசங்கின பேண்டோட வந்து நிக்கிறதா? ஸ்டேஷன் பக்கம் ஒரு தேய்ப்புக் கடை. குடுத்தேன். பெட்டியில கரி பிடிக்கல. ஊதுதான், ஊதுதான், பிடிக்கவே மாட்டேங்கு. நான் அங்கன துண்டைக் கட்டிக்கிட்டு பெஞ்சில உக்காந்திருக்கேன். தேய்க்காமயே போட்டுட்டுப் போயிருக்கலாம். போகல."

அவ்வளவுதான். 

மருதப்பனுக்குக் கோபம் குபுகுபுவென்று ஏறியது. பன்னிரண்டு வருஷம். எத்தனை தீபாவளி, எத்தனை ஆடித்தபசு. அண்ணன் கடிதம் வந்தால் கோமதித்தாய் அடுக்களைக்குள் போய்ப் படித்துவிட்டு மடித்து வைப்பாள். அவர் கேட்க மாட்டார். எல்லாம் ஒரு தேய்ப்புப் பெட்டிக்கு. இப்போது மருதப்பன் கூப்பிட்ட சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பஞ்சாயத்தும் அவர் பக்கம்தான் பேசும். இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு, வந்த பாதையில் நடக்க வேண்டும் போல இருந்தது. கை கதவுப் பிடியில் போய் நின்றது.

சாலையில் யானை நின்றது.

இறங்க வழியில்லை. கத்தவும் வழியில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு, மச்சான் தோளோடு தோள் உரச, உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்திருந்தார். பெரிய யானை கீழே இறங்கி வந்து குட்டியின் பின்பக்கம் நெற்றியை வைத்தது. தள்ளவில்லை. சும்மா முட்டுக் கொடுத்தது. குட்டி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு, அடி அடியாக, மணலைச் சரித்துக்கொண்டே ஏறியது. ஏறிவிட்டது. சாலைக்கு வந்ததும் அதற்கு ஒரே பெருமை. காரைப் பார்த்துக் காதை விரித்து ஒரு மிரட்டு மிரட்டிவிட்டு ஓடியது.

பின்சீட்டில் ஏதோ குலுங்கியது. மருதப்பன் திரும்பிப் பார்த்தார். கோமதித்தாய் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். குட்டிக்குச் சிரிக்கிறாளா, தேய்ப்புப் பெட்டிக்கா, கேட்டாலும் சொல்ல மாட்டாள். விரதம்.

அவளைப் பார்த்ததும் மருதப்பனின் கை கதவுப் பிடியிலிருந்து கீழே இறங்கியது.

"கல்யாணத்துக்கு வேட்டி கட்டிட்டு வாரும்வே," என்றார்.

துரைப்பாண்டி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சரி மாப்ள. நாலு நாள் முன்னாலயே வந்துருதேன்."

காடு மூடிக்கொண்டது. எட்டும் ஒன்றும் போன தடம் தெரியவில்லை. குக்குறுவான் விட்ட இடத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கியது. 

"தண்ணி இன்னும் மோந்தபாடில்ல," என்றார் துரைப்பாண்டி.

"ஒண்ணா எறங்குவோம். நான் முன்ன நடக்கேன். ஒமக்குக் கண்ணு பத்தாது."

மணல் சுட்டது. பெரிய பெரிய வட்டமாகத் தடங்கள், அவற்றுக்கு நடுவில் கிண்ணம் கிண்ணமாகக் குட்டியின் தடம். மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். குட்டையில் தகரத்தை முக்கிப் பிடித்தபோது மருதப்பன் கேட்டார்.

"அந்தப் பேண்டு என்ன கலரு, மச்சான்?"

"சந்தனக் கலரு. முன்னால நல்ல கத்தி மாதிரி மடிப்பு."

மருதப்பன் யோசித்துப் பார்த்தார். மண்டப வாசல் ஞாபகம் வந்தது. கம்மல் பெட்டி வந்தது. மச்சானின் சிவந்த முகம் வந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

"நான் பாக்கலையேவே."

"யாருமே பாக்கல மாப்ள," என்றார் துரைப்பாண்டி. நிறைந்த தகரத்தின் ஒரு பக்கக் காதை அவரும், மறுபக்கத்தை மருதப்பனும் பிடித்துத் தூக்கினார்கள்.